பிரேக் அக்காவும் லாட்ஜம்மாவின் தோடும்

என் நாத்தனாரை எனக்குப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படிச் சொல்லிக்கொண்டு திரிவது நான்தான், ஆனாலும் நம்பாதீர்கள். எங்கள் வீட்டுக்காரரின் அக்கா அவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். காலையிலிருந்து சாயந்திரம் வரை டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "பிரேக்! பிரேக்!" என்று கத்துவதால் ஊருக்கே அவர் பிரேக் அக்கா. எனக்கு மட்டும் அண்ணி.

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காவிட்டால் அண்ணிக்குச் சோறு இறங்காது. அதற்குத் தோதாக ஒரு தொழில் வேறு. புதிதாக ஓட்டுபவர்கள் மாட்டுவண்டி வேகத்தில்தானே போவார்கள்? எந்த வீட்டு ஜன்னல் திறக்கவில்லை, யார் வீட்டு வாசலில் யார் செருப்பு கிடக்கிறது, எல்லாம் பார்த்துவிடுவார். பேக்கரி போர்டு தினமும் கீழே விழுந்து கிடந்தபோது, பால் வண்டிக்காரன்தான் இடிக்கிறான் என்று தெருவே சண்டைக்குப் போனது. அண்ணி பேக்கரிக்காரரிடம் போய், "காலையில கடையைத் திறக்கற மாதிரி ஒருதடவை திறந்து காட்டுங்க" என்றார். மனுஷர் ஷட்டரைத் தூக்கினார், பின்னால் நகர்ந்தார், தன் முதுகாலேயே போர்டைத் தள்ளினார். பால் வண்டிக்காரனிடம் தெருவே மன்னிப்புக் கேட்டது.

"எப்படி அண்ணி கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டதற்கு, "இதுல என்ன இருக்கு? செவுத்துல கொண்டுபோய் மோதினவனைக் கேட்டா, பிரேக்கைத்தான் மிதிச்சேன்னு சத்தியம் பண்ணுவான். பொய்யில்ல, அவன் அப்படித்தான் நெனச்சிட்டிருப்பான். திருப்பி செய்டான்னு உக்கார வெச்சா கால் நேரா ஆக்ஸிலேட்டருக்குப் போகும்" என்றார். அன்றைக்கே எனக்குள் ஒரு மரியாதை வந்துவிட்டது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைகால் புரியாது.

எங்களுடையது டிரைகிளீனிங் கடை. கோட் இல்லாமல் வெளியே போக முடியாத ஊர் இது; குளிர் விட்டதும் ஊரே கோட்டைக் கழற்றி எங்கள் கவுண்டரில் போட்டுவிடும். கவுண்டரில் நான். உள்ளே மெஷின், ஸ்டீம் இஸ்திரி, ஊசி நூல் எல்லாம் எங்கள் வீட்டுக்காரர். நடுவில் எறும்பு.

எறும்பு ஒரு பெண். மாமன் வீட்டில் துரத்திவிட்டதும், கையில் ஒரு பையோடு எங்கள் கடை வாசலில் "ஏதாவது வேலை இருக்காக்கா?" என்று வந்து நின்றவள். மாடியில் ஒரு அறை சும்மா கிடந்தது, கொடுத்தோம். ஒரு நிமிஷம் சும்மா நிற்கத் தெரியாது அவளுக்கு. அதனால் எங்கள் வீட்டுக்காரர் வைத்த பெயர் அது. பேச்சும் எறும்பு அளவுதான்.

கோட் வந்தால் பாக்கெட்டைக் காலி செய்வது எறும்பின் வேலை. சாவி, சீப்பு, கைக்குட்டை, பழைய பஸ் டிக்கெட் எல்லாம் தட்டில் விழும். அது அப்படியே கோட்டோடு சொந்தக்காரருக்குத் திரும்பிப் போகும். பட்டன் கிடைத்தால் மட்டும் தனியாக ஒரு பீங்கான் கிண்ணத்தில், கோட்டின் நம்பர் துண்டோடு. பட்டன் அறுந்தால் எல்லாரும் பத்திரமாகப் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறார்கள், தைக்கத்தான் மாட்டேன் என்கிறார்கள். அந்தக் கிண்ணம் உள்ளே இவரிடம் போகும். கோட் வெளுத்து வந்ததும் எங்கே காலியோ அங்கே தைத்து வைத்துவிடுவார். கூலி கிடையாது. தைத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்வதும் கிடையாது. "சொன்னா வாய் வலிக்குமா?" என்று நானும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். "போட்டுக்கறப்போ தெரிஞ்சுக்குவாங்க" என்பார். வாயில்லாப் பூச்சிக்கு வாழ்க்கைப்பட்டால் அதற்கும் சேர்த்து நாமே பேச வேண்டியிருக்கிறது.

அன்றைக்குச் சாயந்திரம் கடையில் நல்ல கூட்டம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜ் வைத்திருக்கும் லாட்ஜம்மா வந்தார். உள்ளேகூட வரவில்லை. வாசற்படியிலேயே நின்றுகொண்டு, தெருமுனை வரைக்கும் கேட்கிற குரலில் ஆரம்பித்தார்.

"என் தோடு எங்கே? எங்கம்மா போட்டிருந்த தோடு! கோட்டுப் பாக்கெட்டுல வெச்சிருந்தேன், மறந்தாப்ல உங்க கடைக்கு அனுப்பிட்டேன். இன்னிக்குத்தான் ஞாபகம் வந்து கையை விட்டுப் பாக்கறேன், பாக்கெட் காலி! வட்டமா வெள்ளைக் கல்லு, சுத்தி தங்க விளிம்பு. உங்க கடையில பாக்கெட்டைத் தடவறது யாரு? இவதானே?"

கையை நீட்டிய இடத்தில் எறும்பு நின்றுகொண்டிருந்தாள். கையில் யாருடைய கோட்டோ.

"லாட்ஜம்மா, கொஞ்சம் உள்ள வாங்க, உக்காந்து பேசலாம்" என்றேன்.

"உக்காரவா வந்தேன்? நாளைக்கு மத்தியானத்துக்குள்ள தோடு என் கைக்கு வரணும். வரலேன்னா ஸ்டேஷனுக்குத்தான் போவேன். இவ பேரைச் சொல்லித்தான் எழுதிக் குடுப்பேன்!"

வந்த வேகத்தில் போய்விட்டார். கூட்டம் எறும்பை ஏற இறங்கப் பார்த்தது. ஒருத்தர் தன் கோட்டின் பாக்கெட்டை அங்கேயே தடவிப் பார்த்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கோட்டைத் தூக்கி வெளியே போட்டிருப்பேன்.

எங்கள் ஊர் சின்ன ஊர். திருடி என்று ஒருதடவை பெயர் விழுந்தால் பாத்திரம் கழுவக்கூட யாரும் வீட்டுக்குள் விட மாட்டார்கள். மாமன் வாசலை மிதிக்க முடியாது. வேறு ஆளும் கிடையாது. அந்தப் பெண்ணுக்கு இருந்த ஒரே சொத்து அவள் பெயர்தான். அதற்கே வேட்டு வைத்துவிட்டுப் போகிறார் அந்த அம்மா.

"நீ பார்த்தியாடி அந்தத் தோடை?" என்று எறும்பைக் கேட்டேன்.

"நான் எடுக்கலைக்கா" என்றாள்.

நாங்கள் மெஷினின் வடிகட்டியைக் கழற்றினோம். இஸ்திரி மேஜையைத் தூக்கிப் பார்த்தோம். எங்கள் வீட்டுக்காரர் தரையில் தவழ்ந்து மூலை முடுக்கெல்லாம் டார்ச் அடித்தார். தோடும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அப்போது கடைப் படியில் 'டொக்' என்று ஒரு சத்தம். அண்ணியின் கார். ஸ்டியரிங்கில் மருந்துக்கடைக்காரர், டெஸ்ட்டில் தோற்றுத் தோற்றுச் சலிக்காத மனிதர். "நீங்க அப்படியே அசையாம உக்காருங்க, எதையும் தொடாதீங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு அண்ணி இறங்கி வந்தார்.

"மார்க்கெட் வரைக்கும் சேதி வந்துடுச்சு. என்ன நடந்தது? ஒண்ணு விடாம சொல்லு" என்றார் என்னிடம். சொன்னேன். எறும்பைக் கேட்டார். "நான் எடுக்கலை" என்று அவள் மறுபடி சொன்னாள். அண்ணி அவளை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

"கவனிச்சியா? எடுக்கலைங்கறா. பாக்கலைன்னு சொல்லலை. நீ பாத்தியான்னுதானே கேட்டே?"

"அண்ணி! நீங்களுமா அவளைச் சந்தேகப்படறீங்க?"

"அவசரப்படாதேம்மா. அவ பாத்திருக்கா. பாத்ததைச் சொல்ல முடியாம முழுங்கறா. எதுக்குன்னு தெரியணும். நாளைக்குக் காலையில லாட்ஜம்மா அந்தக் கோட்டோடயும், ஜோடியில மிச்சமிருக்கற தோடோடயும் இங்க இருப்பாங்க."

"அவங்களா? நீங்க கூப்பிட்டா வந்துடுவாங்களாக்கும்!"

"வருவாங்க. அவங்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்குடுத்தது நான். அவங்க லாட்ஜ் கேட்டு எப்படி சாஞ்சுதுன்னு அவங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

சொன்னபடியே மறுநாள் காலையில் லாட்ஜம்மா வந்து நின்றார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, கையில் கோட்டோடு. நாங்கள் மாட்டிக்கொடுத்த பிளாஸ்டிக் கவரைக்கூட அவர் பிரித்திருக்கவில்லை. கவரின் அடிவழியாகக் கையை விட்டு பாக்கெட்டை மட்டும் தடவியிருக்கிறார். கடையில் நேற்றைய ஆட்களில் பாதிப் பேர் இருந்தார்கள். வேடிக்கை என்றால் நம் ஜனங்களுக்குக் கோட்டை அன்றைக்கே வாங்க வேண்டும் என்று தோன்றிவிடும்.

அண்ணி கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றார். "லாட்ஜம்மா, அன்னிக்குத் தோடை எப்படி வெச்சீங்களோ அப்படியே செஞ்சு காட்டுங்க."

லாட்ஜம்மா அலுத்துக்கொண்டே மீதித் தோடை எடுத்தார். காது குத்தாதவர்கள் போடும் கிளிப் தோடு. கல்லுக்குப் பின்னால் ஒரு சின்ன வளையம், அந்த வளையத்தில் மாட்டிய கிளிப். அதைக் காதில் கவ்வவிட்டார், கழற்றினார், முகத்தைச் சுளித்தார். "கழட்டறப்போ கிளிப்பு ஒடைஞ்சு எங்கியோ தெறிச்சிடுச்சு. ஆசாரிகிட்ட குடுக்கலாம்னு இப்படிப் பாக்கெட்டுல போட்டேன். அவ்வளவுதான்."

"கிளிப்பு ஒடைஞ்சதை நேத்து நீங்க சொல்லவே இல்லையே?"

"தோடு தோடுதானே! கிளிப்பு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

அண்ணி தன் கைப்பையிலிருந்து ஒரு சாவி, கைக்குட்டை, பேனா எல்லாம் எடுத்து கோட்டுப் பாக்கெட்டில் போட்டார். கடைசியாகத் தன் கோட்டிலிருந்தே ஒரு பட்டனை வெடுக்கென்று பிய்த்தார். எனக்குப் பகீரென்றது, நல்ல கோட். அதையும் உள்ளே போட்டு எறும்பிடம் நீட்டினார்.

"காலி பண்ணும்மா. தினம் பண்ற மாதிரி."

எறும்பு கோட்டை வாங்கினாள். கோட் கைக்கு வந்ததும் அவள் கை தானாக ஓடியது. சாவி தட்டில். கைக்குட்டை தட்டில். பேனா தட்டில். பட்டனை எடுத்த கை மட்டும் தட்டைத் தாண்டி வலது பக்கம் போனது. அங்கே ஒன்றும் இல்லை. வெறும் கவுண்டர். கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"அங்க என்ன இருக்கும்?" என்றார் அண்ணி.

"பட்டன் கிண்ணம்" என்றேன் நான். "அட, அது எங்கடி?"

குனிந்து தேடினேன். கவுண்டருக்கு அடியில், பழைய துணிக்குப் பின்னால் கிண்ணம் கிடந்தது. நேற்று நாங்கள் தேடும்போது அது அங்கே இல்லை. அவள்தான் அப்புறம் ஒளித்து வைத்திருக்கிறாள்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று லாட்ஜம்மா குதித்தார். அடிப்பாவி, நிஜமாகவே எடுத்துத் தொலைத்தாயா என்று மனசு அடித்துக்கொண்டது.

அண்ணி மட்டும் அசையவில்லை. என்னைத்தான் கேட்டார். "இந்தக் கிண்ணம் இங்கிருந்து எங்க போகும்?"

"இவர்கிட்டதான்."

எல்லாருடைய தலையும் திரும்பியது. எங்கள் வீட்டுக்காரர் உள்கதவில், கையில் இஸ்திரித் துணியோடு ஒன்றும் புரியாமல் நின்றார்.

"அண்ணனைக் கேக்காதீங்க!" என்று எறும்பு கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. "நான்தான் எடுத்தேன்! தோடை நான்தான் எடுத்தேன். போலீஸைக் கூப்பிடுங்க, நான் வரேன்!"

"பிரேக்!" என்றார் அண்ணி.

கடையே நின்றுவிட்டது. அவர் எறும்பின் தோளில் கையை வைத்தார். "நீ எடுக்கலைன்னு நேத்தே சொல்லிட்டே. நான் நம்பியாச்சு. இப்போ மாத்திச் சொன்னா செல்லாது." அப்புறம் அந்தப் பட்டனையும் கோட்டையும் தம்பியின் கையில் கொடுத்தார். "டேய், கிண்ணத்துல இருந்து இந்தப் பட்டன் உனக்கு வருது. இந்தக் கோட்டும் வருது. நீ என்ன பண்ணுவே? பண்ணிக் காட்டு."

இவர் கவரைக் கழற்றினார். முன்பக்கம் இரண்டு வரிசைப் பட்டனையும் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தார். எல்லாம் இருந்தது. கோட்டை விரித்து உட்பக்கம் திருப்பினார். இந்த மாதிரி கோட்டுகளில் உள்மடிப்பு தொங்காமல் இருக்க, வெளியே தெரியாமல் உள்ளே ஒரு பட்டன் இருக்கும். போடுபவர்களே அதைக் கவனிக்க மாட்டார்கள். அங்கே போய் இவர் விரல் நின்றது.

"இங்கதான் அறுந்திருந்துச்சு. அதான் அன்னிக்கே தைச்சிட்டேனேக்கா" என்றார் சாவதானமாக.

குனிந்து பார்த்தோம். வட்டமாக வெள்ளைக் கல், சுற்றித் தங்க விளிம்பு. பின்னால் இருந்த வளையத்தில் கறுப்பு நூலைக் கோத்து, இழுத்து, முடிச்சுப் போட்டு, லாட்ஜம்மாவின் அம்மா தோடு லாட்ஜம்மாவின் கோட்டிலேயே பட்டனாக உட்கார்ந்திருந்தது.

"இது பட்டனாய்யா?" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். "நேத்து ராத்திரி முழுக்க தரையில தவழ்ந்தீங்களே, தோடு தோடுன்னு!"

"தோடுன்னா கிளிப்பு, திருகாணி ஏதாவது இருக்கும்னு தேடினேன். இது பின்னால வளையம் வெச்ச பட்டன் மாதிரிதானே இருந்துச்சு? கொஞ்சம் பகட்டா இருக்கேன்னு பாத்தேன். லாட்ஜம்மா கோட்டாச்சே, இருக்கும்னு தைச்சிட்டேன்." அப்புறம் லாட்ஜம்மாவைப் பார்த்து, "நல்லா இழுத்துப் பாருங்கம்மா, அறாது" என்றார்.

கடையில் ஒருத்தர் சிரிக்க ஆரம்பித்து, அது பரவி, வாசலில் காருக்குள் இருந்த மருந்துக்கடைக்காரர் என்னவென்று தெரியாமலே சிரித்தார். லாட்ஜம்மாவுக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "சரி, கெடைச்சிடுச்சில்ல, நல்லது" என்று கோட்டைச் சுருட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்று அண்ணி வழியை மறித்தார். "தப்பான சந்துல வண்டியை விட்டுட்டா என்ன பண்ணணும்னு சொல்லிக்குடுத்திருக்கேன்?"

"...ரிவர்ஸ் எடுக்கணும்."

"எந்த வழியா?"

"வந்த வழியா."

"வாசற்படியில நின்னுதானே நேத்து சொன்னீங்க? அதே படி. அதே சத்தம்."

குறை சொல்லக் கூடாது, லாட்ஜம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. விறுவிறுவென்று படிக்குப் போனார். நேற்றைவிட நாலு மடங்கு குரலில், "நான் சொன்னது தப்பு! இந்தப் பொண்ணு எதையும் எடுக்கலை! என் தோடு என் கோட்டுலயேதான் இருந்துச்சு! இவ கை சுத்தம், என் வாய்தான் சரியில்ல!" என்று தெருவையே கூட்டினார். எதிர்க்கடையில் எட்டிப் பார்த்தார்கள். திரும்பி வந்து எறும்பின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுடும்மா" என்றார். அந்த இடத்தில் எனக்கு அவரையும் பிடித்துப்போயிற்று, என்ன செய்ய.

கூட்டம் கலைந்தது. அண்ணி தன் கோட்டில் பட்டன் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டு நின்றார். எங்கள் வீட்டுக்காரர் மட்டும் உள்ளே போகாமல் எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவராக வாய் திறந்து ஒன்று கேட்டது அன்றைக்குத்தான்.

"ஏம்மா, கிண்ணத்தை எதுக்கு ஒளிச்சு வெச்சே?"

எறும்பு தலையைக் குனிந்துகொண்டாள். "அந்த அம்மா வெள்ளைக் கல்லுன்னு சொன்னதும் ஞாபகம் வந்துடுச்சுண்ணே. பட்டன்னு நெனச்சு நான்தான் கிண்ணத்துல போட்டேன். போய்ப் பாத்தேன், இல்ல. கிண்ணத்தை உங்களைத் தவிர யாரும் தொட மாட்டாங்க. அதைப் பாத்தா எல்லாரும் உங்களைத்தான் கேப்பாங்கன்னு ஒளிச்சேன்."

"அப்போ, நான் திருடிட்டேன்னு நெனச்சியா?"

"ஆமாண்ணே."

இவருக்கு முகம் எப்படியோ ஆகிவிட்டது. "அப்புறம் ஏன் சொல்லலை? சொல்லியிருந்தா நீ தப்பிச்சிருப்பியே?"

"அண்ணன் எடுத்திருந்தா ஏதோ தாங்க முடியாத கஷ்டம்னு நெனச்சேன். உங்களுக்கு வீடு இருக்கு, அக்கா இருக்காங்க, கடை இருக்கு. போலீஸ் வந்தா எனக்குன்னு கேக்க யாரு இருக்கா? நான் போனா யாருக்கும் ஒண்ணும் ஆகாது. அதான் ராத்திரியே பையைக் கட்டி வெச்சிட்டேன்."

எங்கள் வீட்டுக்காரர் அவள் தலையில் கையை வைத்தார். "மேல போய்ப் பையைப் பிரிம்மா" என்று மட்டும் சொன்னார்.

"மத்தியானம் டெலிவரி இருக்குண்ணே. சாயந்திரம் பிரிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு எறும்பு அடுத்த கோட்டை எடுத்துக்கொண்டாள்.

சாயந்திரம் வரைக்கும் அந்தப் பை கட்டியே கிடப்பதை என்னால் தாங்க முடியாது. நானே மாடி ஏறினேன். படிக்குப் படி அவளைத் திட்டிக்கொண்டேதான் ஏறினேன்: இவளுக்குப் பெரிய தியாகி என்று நினைப்பு, யாருமில்லையாம், நாங்கள் எல்லாம் என்ன செத்தா போய்விட்டோம். கட்டிலின்மேல் பை இருந்தது. ஜிப்பைத் திறந்தேன். உள்ளே இருந்தது கொஞ்சம் துணிதான். ஒவ்வொன்றையும் விளிம்புக்கு விளிம்பு சேர்த்து, காலரைத் தட்டி, கடைக்கு வரும் துணியைப்போல இஸ்திரி போட்டு மடித்து அடுக்கியிருந்தாள். ஜெயிலுக்குப் போவதற்கு இஸ்திரி போட்டிருக்கிறாள், பாவி மகள். கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அப்புறம் எழுந்து, மடிப்புக் கலையாமல் ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தேன்.